ஸ்கார்செசியின் அம்மா வைத்த குழம்பு

மார்ட்டின் ஸ்கார்செசி என்றதும் நமக்கெல்லாம் துப்பாக்கியும் கெட்ட வார்த்தையும்தான் ஞாபகம் வரும். 1974ல் அவர் எடுத்த 'இட்டாலியன்அமெரிக்கன்' ஆவணப்படத்தைப் பார்க்கும் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மொத்தமே 49 நிமிடம். நியூயார்க்கில் எலிசபெத் தெரு வீட்டில் அவருடைய அப்பாவும் அம்மாவும் சோபாவில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அவ்வளவுதான் படம். ஆனால் அவருடைய சினிமா மொழி எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை என்பது என் கட்சி.

கொஞ்சம் வரலாறு பார்த்துவிடலாம். 1880 முதல் 1920 வரை சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்கா போனார்கள். பெரும்பாலும் தெற்கு இத்தாலி, சிசிலி பக்கத்து ஏழைகள். மன்ஹாட்டனின் லிட்டில் இத்தாலியில் அவர்கள் ஊர்வாரியாகக் குடியேறினார்கள். மல்பெரி தெருவில் நேப்பிள்ஸ்காரர்கள், எலிசபெத் தெருவில் சிசிலிக்காரர்கள். ஸ்கார்செசியின் தாத்தா பாட்டிகள் சிசிலியிலிருந்து வந்தவர்கள். அப்பா சார்லஸ், அம்மா கேத்தரின் இருவரும் நியூயார்க்கிலேயே பிறந்து ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை பார்த்தவர்கள். அப்பாவுக்கு இஸ்திரி வேலை, அம்மாவுக்குத் தையல்.

1942ல் பிறந்த பையனுக்கோ ஆஸ்துமா. தெருவில் ஓடி விளையாட முடியாது. அதனால் அப்பா சினிமாவுக்குக் கூட்டிப் போனார். வீட்டில் புத்தகங்களே கிடையாது என்று ஸ்கார்செசியே சொல்லியிருக்கிறார். டிவியில் இத்தாலியப் படம் போட்டால் குடும்பமே உட்கார்ந்து பார்க்கும். ரோசெல்லினியின் 'பைசா' (1946) சிசிலியில்தான் தொடங்குகிறது. தாத்தா பாட்டி பேசும் பேச்சைத் திரையிலும் கேட்கும் ஒரு பையனுக்கு, சினிமா என்பது ஹாலிவுட்டில் மட்டும் நடக்கிற சமாச்சாரமாகத் தோன்றுமா?

இப்போது அந்த சோபாவுக்கு வருவோம். யூதர்களுக்கு சனிக்கிழமை ஓய்வுநாள், நெருப்பு மூட்டக் கூடாது. சின்ன வயதில் அவர்கள் வீட்டு அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்து சில்லறை சம்பாதித்த கதையை அப்பா சொல்கிறார். அவர் ஒன்று சொன்னால் அம்மா குறுக்கே புகுந்து திருத்துகிறார். நடுவில் எழுந்து போய் அடுப்பிலிருக்கும் குழம்பைப் பார்க்கிறார். வறுமையைச் சொல்கிறார்கள், ஆனால் சிரிக்க வைத்துச் சொல்கிறார்கள். ஒரு கதை முடிவதற்குள் இன்னொன்று கிளம்பிவிடுகிறது.

இதே பேச்சை 'குட்ஃபெல்லாஸ்' (1990) படத்தில் கேட்டுப் பாருங்கள். நடுராத்திரி மூன்று ரவுடிகள் ஒரு வீட்டுக்கு வருகிறார்கள். வெளியே கார் டிக்கியில் ஓர் ஆள் கிடக்கிறான். எழுந்து வந்த அம்மா அவர்களை உட்கார வைத்துச் சோறு போட்டு, மகனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லி நச்சரிக்கிறார். அந்த அம்மாவாக நடித்தது கேத்தரின்தான். பெரும்பகுதி அந்த இடத்திலேயே பேசிய பேச்சு. வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் பாசமும் வெளியே நடக்கும் கொலையும் ஒரே காட்சியில் இருப்பதால்தான் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. அதே படத்தில் சிறைக்குள் குழம்பு வைத்து, வெங்காயம் அதிகம் போட்டதற்குப் பேச்சு வாங்குபவர் சார்லஸ்.

ரவுடிகளைப் பக்கத்திலிருந்து பார்த்ததால்தான் அவர் இப்படி எடுத்தார் என்பார்கள். அது பாதி உண்மை. அதே மாதிரித் தெருக்களில் வளர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். இவர் கூடுதலாகச் செய்தது, வீட்டில் பேசிய பேச்சைக் கேவலம் என்று ஒதுக்காமல் காது கொடுத்துக் கேட்டது. 1993ல் சார்லஸ் இறந்தார். அந்த ஆண்டு வந்த 'தி ஏஜ் ஆஃப் இன்னசன்ஸ்' படத்தை ஸ்கார்செசி அப்பாவுக்குச் சமர்ப்பித்தார். 1870களின் நியூயார்க் சீமான்கள் கதை, சமர்ப்பணமோ ஓர் இஸ்திரித் தொழிலாளிக்கு!

முடிந்தால் முதலில் 'இட்டாலியன்அமெரிக்கன்' பாருங்கள், பிறகு 'குட்ஃபெல்லாஸ்'. முதல் படத்தைக் கடைசி வரை பார்க்க வேண்டும். எழுத்து ஓடும்போது கேத்தரினின் குழம்புச் செய்முறையும் வரும்.