ஸ்கந்தாசிரமமும் லுணுகங்கவும்

திருவண்ணாமலையில் மனை தேடுகிறவரிடம் தரகர் முதலில் சொல்வது "இங்கேர்ந்து மலை தெரியும்" என்பதைத்தான். விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. வாங்கியவர் மலைப் பக்கம் பார்த்துப் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்து வீடு கட்டுகிறார். மலை தெரிகிறது. ஆனால் வீடு மலையோடு சேர்ந்துவிட்டதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றே சொல்லவேண்டியிருக்கிறது. ஒரு வீடு தான் நிற்கும் நிலத்தோடு எப்படிச் சேர்கிறது என்பதை எடைபோட, இரண்டு இடங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, அதே மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் ஸ்கந்தாசிரமம். மற்றது, இலங்கையில் பெந்தோட்டைக்கு அருகே தெத்துவ ஏரிக்கரையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா உருவாக்கிய லுணுகங்க.

முதல் பார்வைக்கு இது பொருந்தாத இணை. ஒன்று ரமணர் என்ற துறவியின் உறைவிடம். மற்றது வசதி படைத்த ஒருவரின் தோட்ட வீடு. ரமணர் ஸ்கந்தாசிரமத்தில் இருந்தது 1916 முதல் 1922 வரை, ஆறு ஆண்டுகளே. பாவா லுணுகங்கவை வாங்கியது 1948இல். 2003இல் மறையும்வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். மதுரையை விட்டு வந்த சிறுவனான ரமணருக்குத் திருவண்ணாமலையைத் தவிர வேறு ஊர் தோன்றவில்லை. வழக்கறிஞரான பாவாவோ இத்தாலியில் குடியேற ஆசைப்பட்டு, அது கைகூடாமல் ஊர் திரும்பியே பெந்தோட்டைக்கு வந்தார். இவ்வளவு வேறுபாட்டுக்கு நடுவே ஒற்றுமை எங்கே இருக்கும் என்று தேடினால், அது கட்டியவர்களின் கைவேலையில் இருக்கிறது.

இரண்டுமே முழு வரைபடம் போட்டுக் கட்டப்பட்டவை அல்ல. ஸ்கந்தாசிரமத்தின் பெயரிலேயே அதை உண்டாக்கிய அன்பர் கந்தசாமி இருக்கிறார். அவர் கட்டடக்கலை படித்தவரல்லர். சப்பாத்திக்கள்ளி அடர்ந்திருந்த பாறைச் சரிவை வெட்டித் துப்புரவாக்கி, கற்களைப் பெயர்த்துத் தளம் சமைத்து, தென்னையும் மாவும் வைத்தார். சுவரும் கூரையும் பிறகு சேர்ந்தன. லுணுகங்கவை வாங்கியபோது பாவாவும் கட்டடக்கலை படித்திருக்கவில்லை. ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் மரங்களை வெட்டி வெளி திறக்கப் போய், தனக்குத் தெரியாதது எவ்வளவு என்று உணர்ந்த பிறகே லண்டனுக்குச் சென்று படித்தார். 1957இல் தேர்ச்சி பெற்றபோது அவருக்கு வயது 38. ஆசியாவின் பெரும் கட்டடக் கலைஞர் ஒருவரை அந்தத் துறைக்குள் இழுத்துவந்தது ஒரு தோட்டம்தான். கந்தசாமியை எந்த நிலமும் கட்டடக் கலைஞராக்கவில்லை. ஆனால் முதலில் நிலத்தைத் தொட்டு, அது காட்டிய வழியில் கட்டடத்தைச் சேர்த்த வரிசை இருவருக்கும் ஒன்றே.

இயற்கையோடு இயைந்த வீடு என்றால் இயற்கையைத் தொடாமல் விட்ட வீடு என்று ஒரு நம்பிக்கை உண்டு. இந்த இரண்டு இடங்களுமே அதை மறுக்கின்றன. ஸ்கந்தாசிரமத்தின் நிழல் முற்றம் பாறையை உடைத்துச் சமன் செய்த தளம். லுணுகங்கவில் வீட்டின் தெற்கே உள்ள கறுவாக் குன்றின் உச்சியையே பாவா வெட்டித் தாழ்த்தினார், அப்பால் இருக்கும் ஏரி வீட்டிலிருந்து தெரியவேண்டும் என்பதற்காக. குன்றுக்கும் வீட்டுக்கும் இடையே ஊர்ப் பொதுச்சாலை ஒன்று ஓடுகிறது. அதை ஆழமான வெட்டுக்குள் மறைத்துவிட்டதால், வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குப் புல்வெளி தொடர்ச்சியாகக் குன்றின்மேல் ஏறுவதுபோல் இருக்கும். ஈழத்தலரி மரங்களின் கிளைகளில் எடைகளைக் கட்டித் தொங்கவிட்டு, அவை படுக்கைவாட்டில் வளரும்படியும் செய்தார். பார்ப்பவர்கள் எல்லாம் தானாக அமைந்தது என்றே நினைக்கிறார்கள். ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறி வருகிறவர்களும் அந்த மரநிழல் மலை தானாகத் தந்தது என்றே எண்ணிக்கொண்டு உட்காருகிறார்கள்.

வேறுபாடு, எதற்காகத் தொட்டார்கள் என்பதில் இருக்கிறது. பாவாவின் வெட்டு பெரும்பாலும் கண்ணுக்காக. கந்தசாமியின் வெட்டு குடிநீருக்கும் உட்காரும் இடத்துக்கும் நிழலுக்கும். 1899 முதல் 1916 வரை ரமணர் இருந்த விரூபாட்ச குகை கோடையில் தாங்காது. தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர, வெயில் மாதங்களில் முலைப்பால் தீர்த்தத்தை ஒட்டிய மாமரக் குகைக்கு இறங்கிவிடுவார்கள். ஸ்கந்தாசிரமத்தின் இடம் தேர்வானதற்கு அங்கே இருக்கும் சுனை பெரிய காரணம். தெத்துவ ஏரி சூழ்ந்த லுணுகங்கவில் தண்ணீர் ஒரு காட்சி. வறண்ட கருங்கல் மலையில் தண்ணீர் வாழ்வதற்கான முதல் நிபந்தனை. பெந்தோட்டைப் பகுதியில் திருவண்ணாமலையைப்போல இருமடங்குக்கும் மேல் மழை பெய்கிறது. அங்கே வளர்ச்சியை வெட்டி வெட்டித்தான் வெளியை உண்டாக்கவேண்டும். இங்கே வெளி தாராளமாக இருக்கிறது, வளர்ச்சியைத்தான் ஊற்றி ஊற்றி உண்டாக்கவேண்டும். ஒருவர் கழித்துப் பெற்றதை மற்றவர் கூட்டிப் பெற்றார்.

காட்சியைப் பொறுத்தவரை, இந்த இணையைத் தேர்ந்ததற்கு நான் மிகவும் மகிழ்ந்த இடம் இது. ஸ்கந்தாசிரமத்தை ஒட்டிய பாறையிலிருந்து கிழக்கே பார்த்தால் அருணாசலேசுவரர் கோயில் முழுவதும் கீழே விரிகிறது: ஒன்பது கோபுரங்கள், அவற்றுள் 217 அடி உயர ராஜகோபுரம், மதில்கள், குளங்கள். திருவண்ணாமலையின் புகழ்பெற்ற படங்கள் பலவும் இங்கிருந்து எடுத்தவைதாம். லுணுகங்கவில் வீட்டின் தெற்குத் திண்ணையில் அமர்ந்தால், புல்வெளி ஏறிக் குன்றின் உச்சியைத் தொடும்; அங்கே ஒரு மரம், அதன் அடியில் ஒரு பெரிய சாடி; அவற்றுக்கு அப்பால் ஏரி; ஏரிக்கும் அப்பால் ஒரு விகாரையின் வெண்ணிறத் தாதுகோபம். இரு வீடுகளின் பார்வையும் இன்னொருவருடைய வழிபாட்டிடத்தில் போய் முடிகிறது. இரண்டுமே தமக்குச் சொந்தமில்லாத ஒன்றைத் தம் முற்றத்தின் எல்லையாக்கிக்கொண்டன. கோபுரத்துக்கோ தாதுகோபத்துக்கோ இதனால் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் வீட்டின் அளவு வேலியோடு முடியாமல் பல பர்லாங்கு தாண்டிப் போய்விடுகிறது.

குன்றின் மேலுள்ள அந்த மரத்தைச் சிங்களத்தில் மூணமல் என்கிறார்கள். அது நம் மகிழ மரம். அருணாசலேசுவரர் கோயிலின் தலமரமும் மகிழ மரமே. கோயிலுக்குள் அந்த மகிழ மரத்தடியில் நின்றால் ஒன்பது கோபுரங்களையும் ஒருசேரக் காணலாம் என்பது ஊரறிந்தது. அதற்கென்றே அங்கே கூட்டம் நிற்கும். திருவண்ணாமலையில் கண்ணை ஓரிடத்தில் நிறுத்தி வைக்க ஒரு மகிழ மரம். பெந்தோட்டையில் கண்ணைத் தூரத்துக்கு அனுப்பி வைக்க ஒரு மகிழ மரம். பாவா திருவண்ணாமலையை எண்ணி அதைச் செய்தார் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. ஆனாலும் பரந்த வெளியில் கண் அலைபாயாமலிருக்க அடர்ந்த தழை கொண்ட ஒரு மரமும் அதன் நிழலும் வேண்டும் என்பதை இரண்டு மண்ணும் தனித்தனியே கண்டுகொண்டிருக்கின்றன. கண்ணாடிச் சுவர் முழுக்க மலையை வைக்கிற இன்றைய வீட்டில் இந்த நிறுத்தம் இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் தெரிவதால் சில நாட்களில் எதுவும் பார்வையில் படாமல் போகிறது.

உள்ளே இருப்பது எவ்வளவு என்ற கணக்கிலும் இரண்டும் எதிர்பாராமல் நெருங்குகின்றன. ஸ்கந்தாசிரமத்தின் உள்ளறைகள் சிறியவை, இருண்டவை, குளிர்ச்சியானவை. பகலின் பெரும்பகுதி திண்ணையிலும் மரத்தடியிலும் கழிந்தது. தாயார் அழகம்மாள் வந்து தங்கிய பிறகுதான் அங்கே அடுப்பே எரிந்தது. லுணுகங்கவின் வீடும் பழைய பங்களாவைச் சிறிது சிறிதாக மாற்றியமைத்த, பெரிதாக எடுப்பில்லாத கட்டடம். பாவா காலை உணவை ஓரிடத்தில், தேநீரை வேறிடத்தில், மாலையை இன்னோரிடத்தில் தோட்டத்துக்குள்ளேயே கழித்தார். பணியாளை அழைக்க இடத்துக்கு ஒரு மணி தொங்கியது; எந்த மணி ஒலிக்கிறது என்பதைக்கொண்டு அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்வார்கள். அறைகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல் உட்காரும் இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறார்கள். பணிவிடைக்கு ஆள் வைத்த வீட்டையும் பிச்சையெடுத்து உண்டவர்களின் வீட்டையும் இந்த ஒரு வழக்கம் உறவாக்குகிறது.

தட்பவெப்பம் இந்த உறவில் கோடு கிழிக்கிறது. ஈரக்காற்று நிறைந்த ஏரிக்கரையில் காற்றோட்டம்தான் உயிர். ஆகவே லுணுகங்கவில் சுவர்கள் குறைந்து, வராந்தாவும் தூணும் திறந்த வாசலும் மிகுகின்றன. திருவண்ணாமலையில் பகலெல்லாம் வெயில் குடித்த பாறை இரவில் அதைத் திருப்பி விடுகிறது. ஆகவே ஸ்கந்தாசிரமம் தடித்த சுவருக்குள் ஒடுங்குகிறது. அது கிழக்குச் சரிவில் இருப்பதால் காலை வெயில் மட்டுமே முழுதாக விழும். பிற்பகலில் மலையே அதற்கு நிழல். மலையை ஜன்னலில் வைத்துப் பார்ப்பதைவிட மலையின் நிழலுக்குள் போய் இருப்பது மேலான சேர்க்கை என்று நான் நினைக்கிறேன்.

உரிமையில் இரண்டும் பிரிகின்றன. லுணுகங்கவின் ஒவ்வொரு திருப்பமும் ஒருவருடைய ரசனை. யாரை எந்த வழியாக நடத்திச் சென்று எதை எப்போது காட்டவேண்டும் என்று அவர் தீர்மானித்திருக்கிறார். ஸ்கந்தாசிரமத்தில் அன்பரும் வந்தார், குரங்கும் வந்தது. யாரும் யாரையும் வழிநடத்தவில்லை. முன்னதன் ஒழுங்கு நம்மை வியக்கவைக்கிறது. பின்னதன் தாராளம் நம்மை உட்காரவைக்கிறது. வடிவ நேர்த்தியில் லுணுகங்கவுக்கு ஈடு இல்லை என்பதை ஒப்புக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

முடிவிலும் ஓர் எதிரெதிர் அமைப்பு உண்டு. 1922 மே மாதம் தாயார் ஸ்கந்தாசிரமத்தில் மறைந்தார். உடல் மலையடிவாரத்தில் அடக்கம் செய்யப்பட்டது. சில மாதங்கள் தினமும் இறங்கி வந்துபோன ரமணர், ஒருநாள் திரும்பி ஏறவில்லை. இன்றைய ரமணாசிரமம் அந்தச் சமாதியைச் சுற்றி எழுந்தது. பாவாவின் உடல் லுணுகங்கவின் கறுவாக் குன்றிலேயே எரியூட்டப்பட்டது. ஒரு மரணம் வீட்டைக் காலி செய்தது. மற்றொன்று வீட்டுக்காரரை அந்த மண்ணிலேயே இருத்தியது.

இனித் திருவண்ணாமலையில் வீடு கட்டப்போகிறவருக்கு இவற்றுள் எது உதவும்? மலைக்கு எந்தத் திசையில் மனை என்பதிலிருந்து தொடங்கவேண்டும். ரமண நகர்ப் பக்கம், அதாவது மலைக்குத் தெற்கே மனை என்றால், மலை வடக்கில் இருக்கும். அந்தப் பக்கம் பெரிய ஜன்னல் வைத்தால் பெரும்பாலும் வெயில் இல்லாத வெளிச்சம் கிடைக்கும். ஊருக்குள், மலைக்குக் கிழக்கே மனை என்றால், மலை மேற்கில். அங்கே கண்ணாடிச் சுவர் வைப்பது பிற்பகல் வெயிலை வீட்டுக்குள் அழைப்பதாகும், அதற்கு ஆழமான தாழ்வாரமும் முன்னால் ஒரு மரமும் வேண்டும். அடி அண்ணாமலைப் பக்கம் மலை கிழக்கில். அந்தப் பக்க ஜன்னலில் விழும் வெயில் காலையோடு போய்விடும். மண் சுவர், சுண்ணாம்புப் பூச்சு ஆகியவற்றைக் கற்றுத்தரும் குழுக்கள் இன்று இவ்வூரைச் சுற்றியே இயங்குகின்றன. வெறும் பாறையாகக் கிடந்த சரிவுகளை 1980களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்கள் மரம் நட்டுப் பசுமையாக்கி வருகிறார்கள். கந்தசாமி ஒரு மூலையில் செய்ததை அவர்கள் மலை முழுவதும் செய்கிறார்கள்.

ஆனால் சேர்வதற்கும் ஓர் எல்லை உண்டு. 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் வீடுகளின் மேல் பாறையும் மண்ணும் இறங்கின. ஏழு பேர் இறந்தார்கள். இடமில்லாதவர்கள் மலையை ஒட்டி வீடு கட்டிக்கொள்ள நேர்வதும், இடம் உள்ளவர்கள் காட்சிக்காக மலையை ஒட்டிப் போவதும் ஒன்றல்ல; ஆனால் தண்ணீரின் வழியில் இருக்கும் சுவரை மலை பிரித்துப் பார்ப்பதில்லை.

என் தீர்ப்பு இது. லுணுகங்கவிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: வீட்டிலிருந்து ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்து, அதற்கு முன்னால் ஒரு மரத்தை நிறுத்துவது. மற்ற எல்லாவற்றிலும் இந்த வறண்ட மலைக்கு ஸ்கந்தாசிரமத்தின் வரிசையே பொருந்தும்: முதலில் தண்ணீர், அடுத்து நிழல், அதன்பின் திண்ணை, கடைசியில் அறை. மனை வாங்கியவர்கள் ஒரு ஐப்பசி, கார்த்திகையாவது பொறுத்திருங்கள். மழை கொட்டும்போது குடையோடு போய், மலைத்தண்ணீர் உங்கள் மனையில் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். அந்த வழியைக் காகிதத்தில் குறித்துக்கொண்ட பிறகு பொறியாளரை அழையுங்கள்.