காமெட் கப்பலின் விளம்பரமும் கிளைடு நதியில் உல்லாசப் பிரயாணத்தின் தொடக்கமும்

துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்கள் ஆதியில் வர்த்தகரையும் ஊழியரையும் ஓரூரிலிருந்து மற்றோரூருக்குக் கொண்டுசேர்க்கும் காரியத்துக்காகவே தோன்றின என்றும், 1841ஆம் ஆண்டில் கிளாஸ்கோவிலிருந்து கிரீனக் துறைமுகத்துக்கு ரயில்பாதை திறக்கப்பட்டதைப் போன்ற மாறுதல்களால் அந்தப் பிழைப்பு கைநழுவிய பின்னரே, காற்று வாங்கவும் கடலாடவும் செல்வோரை அவை நாடத் தொடங்கின என்றும் கூறும் கொள்கை, கடற்கரையோர உல்லாசக் கப்பல்களின் சரித்திரத்தை எழுதியோரிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. பயன் முந்தியது, இன்பம் பிந்தியது என்னும் இந்த வரிசை கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்காட்லாந்தின் கிளைடு நதியைப் பொறுத்தவரை இக்கொள்கைக்கு முதல் ஆதாரமாகக் காட்டப்படுவது ஒரே ஆவணம். அது 1812ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதியிட்டு, காமெட் என்னும் நீராவிக் கப்பலின் சொந்தக்காரரான ஹென்றி பெல் பத்திரிகையில் வெளியிட்ட விளம்பரம். அவ்விளம்பரத்தை ஆதியோடந்தமாக ஒருமுறை நிதானித்துப் படிப்போருக்கு, அது அக்கொள்கைக்கு அனுகூலமான சாட்சி அன்று என்பது விளங்கும் என்று நான் கருதுகிறேன்.

விளம்பரத்தின் தலைப்பு கிளாஸ்கோ, கிரீனக், ஹெலன்ஸ்பரோ என்னும் மூன்று ஊர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, கப்பல் பிரயாணிகளுக்கு மட்டுமே உரியது என்கிறது. அதன் உடலில் கிளாஸ்கோவும் கிரீனக்கும் மாத்திரமே வருகின்றன. கடைசிப் பகுதியில் பெல் தம்முடைய ஹெலன்ஸ்பரோ ஸ்நான விடுதி முன்போலவே நடந்து வருவதாகவும், கிரீனக்கில் இறங்குவோரை ஹெலன்ஸ்பரோவுக்கு அழைத்துச்செல்ல ஒரு படகு ஆயத்தமாக நிற்கும் என்றும் தெரிவிக்கிறார். முன்னை ஆய்வாளர்கள் நடுப்பகுதியையே உடன்படிக்கையாகக் கொண்டு, தலைப்பை மிகைக்கூற்றென்றும், கடைசிப் பகுதியை ஒரு விடுதிக்காரர் போகிற போக்கில் சேர்த்துக்கொண்ட சுயவிளம்பரம் என்றும் ஒதுக்கிவிட்டார்கள். இப்படி ஒதுக்குவதற்கு அவர்கள் காட்டும் நியாயமெல்லாம் காமெட் தானே ஹெலன்ஸ்பரோ வரை போவதாக அட்டவணை சொல்லவில்லை என்பதுதான். ஹெலன்ஸ்பரோவில் அக்காலத்தில் கப்பல் அணையத்தக்க நல்ல இறங்குதுறை இல்லை என்பதை நினைத்தால், படகு ஏற்பாடு அலட்சியத்தின் அடையாளமாகாது. வழியின் கடைசிக் கண்ணியையும் சொந்தக்காரரே தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகும்.

தலைப்பையும் கடைசிப் பகுதியையும் பற்றிய இவ்வாதம் இரு தரப்பிலும் ஊகமாகவே நின்றுவிடக்கூடும். ஆகையால் ஊகத்துக்கு அவ்வளவாக இடந்தராத பகுதிக்கு, அதாவது கால அட்டவணைக்கு வருவோம். அட்டவணைப்படி கப்பல் செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் நடுப்பகல் அளவில், அல்லது அதற்குப் பின் ஓதத்துக்கு இசைந்த வேளையில், கிளாஸ்கோவின் புரூமிலா துறையை விட்டுப் புறப்படும். திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் காலையில், ஓதத்தை அனுசரித்து, கிரீனக்கை விட்டுப் புறப்படும். ஒரு நாளைக்கு ஒரு திசையே, ஞாயிற்றுக்கிழமை ஓட்டமில்லை.

ஒரே கப்பலை வைத்துக்கொண்டு வாரத்தின் ஆறு நாட்களையும் இவ்வாறு பங்கிடுவதற்கு இரண்டே முறைகள் உண்டு. ஒன்று பெல் தேர்ந்துகொண்டது. மற்றது அதைத் தலைகீழாக்கி, திங்கள், புதன், வெள்ளியில் கிளாஸ்கோவிலிருந்து கீழே இறங்கி, செவ்வாய், வியாழன், சனியில் மேலே ஏறுவது. இரண்டாவது முறையில் கப்பல் ஞாயிற்றுக்கிழமையைக் கிளாஸ்கோவில் கழிக்கும். ஞாயிறன்று கடற்கரையில் இருக்க விரும்பும் கிளாஸ்கோவாசி வெள்ளியன்றே புறப்பட்டு அடுத்த செவ்வாய் வரையில் காத்திருக்க வேண்டியவனாவான். பெல்லின் முறையிலோ, அவன் சனிக்கிழமை நடுப்பகலில் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுப் புறப்பட்டு, அன்று மாலையே கிரீனக்கில் இறங்கி, படகேறி ஹெலன்ஸ்பரோ சேர்ந்து, ஞாயிறு முழுவதும் அங்கே தங்கி, திங்கட்கிழமை கிரீனக்கிலிருந்து கிளம்பும் கப்பலில் நகரத்துக்குத் திரும்பிவிடலாம். இரண்டு இரவுகளும் எங்கே கழியும் என்று விளம்பரமே சொல்கிறது.

இனி அதே அட்டவணையைக் கிளாஸ்கோ வர்த்தகனின் கண்கொண்டு பாருங்கள். செவ்வாய் நடுப்பகலில் புறப்படுகிறவன், காமெட் தன் முதற்காலத்தில் எடுத்துக்கொண்ட சுமார் மூன்றரை, நான்கு மணி நேரத்தைக் கழித்துக் கிரீனக்கில் இறங்கும்போது அங்கே வியாபார நேரம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். மறுநாள் காலையில் கப்பல் திரும்பிவிடுகிறது. அதைத் தவறவிட்டால் வெள்ளி வரையில் வேறு கப்பல் இல்லை. துறைமுகத்தில் சரக்கைப் பார்வையிடவோ கப்பல் தலைவனோடு பேரம் பேசவோ வந்தவனுக்கு இதைவிட அசௌகரியமான ஏற்பாட்டை நினைப்பது கடினம்.

கிரீனக்கிலிருந்து மேலே வரும் வர்த்தகனுக்கு இது பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். திங்கள் காலையில் ஏறி நகரத்தில் ஒரு பிற்பகலும் மறுநாள் முற்பகலும் காரியம் பார்த்துத் திரும்புவது அவனுக்கு எளிது. அப்படிப்பட்டவர்களும் ஏறியிருப்பார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. இதைக்காட்டிலும் வலிய ஆட்சேபம் வேறொன்று உண்டு. சொந்தக்காரரின் வீடும், கப்பலைக் கட்டிய ஜான் வுட்டின் போர்ட் கிளாஸ்கோ பட்டறையும் நதியின் கீழ்ப்பகுதியில் இருந்தமையால், ஓய்வு நாளில் கப்பல் அப்பக்கத்தில் நிற்பது இயல்புதானே என்று கேட்கலாம். இயல்புதான். ஆனால் அந்த வீடு எது? மனைவி மார்கரெட் நிர்வகித்துவந்த ஸ்நான விடுதியே அது. கப்பல் ஞாயிறன்று சொந்தக்காரரின் வீட்டருகே நின்றது என்பதும், ஞாயிறு விருந்தினர் தங்கும் விடுதியருகே நின்றது என்பதும் ஒரே செய்தியின் இரு பக்கங்கள்.

கட்டணத்தைப் பற்றிய வாக்கியம் இதுவரை எவரும் போதிய அளவு கவனியாதது. முதல்தர அறைக்கு 4 ஷில்லிங், இரண்டாந்தரத்துக்கு 3 ஷில்லிங் என்று கூறியவுடனே, இதற்குமேல் பணியாளருக்கோ கப்பலில் வேலைசெய்யும் வேறெவருக்கோ எதுவும் கொடுக்கவேண்டியதில்லை என்று பெல் திட்டவட்டமாக எழுதுகிறார். கூலிக்கணக்கு தீர்ந்த பின்னும் நீட்டப்படும் கைகளை விருந்தினர் எவ்வளவு வெறுப்பார்கள் என்பதைப் பல வருஷங்களாக வாசலில் நின்று பார்த்த விடுதிக்காரரின் பேனாவிலிருந்து வந்த வாக்கியம் இது. குதிரைக் கோச்சிலும் வண்டிக்காரனுக்கு இனாம் கொடுக்கும் வழக்கம் இருந்ததால், கோச்சுப் பிரயாணிகளை இழுக்கவே இதை எழுதினார் என்று சொல்வோரும் இருக்கலாம். அவ்வாறாயினும் வாக்கியம் முதலில் பேசுவது வண்டிக்காரனைப் பற்றியன்று, பணியாளர்களைப் பற்றி. கப்பலின் அழகு, சௌகரியம், பத்திரம், வேகம் என்னும் நான்கில் வேகம் கடைசியாக வருவதையும் சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது. எனினும் விளம்பரங்களில் இத்தகைய அடுக்குகள் சாதாரணமாகையால் அதன்மீது பாரம் ஏற்ற மாட்டேன்.

பெல் இந்த முயற்சியில் பொருள் ஈட்டவில்லை என்பதை எதிர்வாதமாகக் கொள்வோருக்கு விரிவான பதில் வேண்டியதில்லை. ஒருவன் எதற்காக முதல் போட்டான் என்பதை அவனுக்கு வந்த லாபம் தீர்மானிப்பதில்லை. நீராவிக் கப்பலைப் பற்றி அவர் முன்னமே கடற்படை அதிகாரிகளுக்கு எழுதியதாகச் சொல்லிக்கொண்டதும் இங்கே அப்பிரஸ்துதமே. யந்திரத்தில் ஆசை பிறந்த காலம் வேறு, அந்த யந்திரத்தை எந்த வழியில், எந்தக் கிழமையில், யாருக்காக ஓட்டுவதென்று முடிவுசெய்த காலம் வேறு. 1803ஆம் ஆண்டில் கால்வாயில் ஓடிய ஷார்லட் டன்டாஸ் என்னும் நீராவிப் படகு சரக்குப் படகுகளைக் கட்டி இழுத்தது. காமெட் சரக்கையே ஏற்க மறுத்தது.

பின்வந்தவர்களின் செய்கையும் என் வாசிப்புக்கு வலுவூட்டுகிறது. காமெட்டின் கொதிகலனைச் செய்த டேவிட் நேப்பியர், ரயில் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முந்தியே, 1818இல், லோமண்ட் ஏரியில் மேரியன் என்னும் நீராவிக் கப்பலை விட்டார்; மலைகளும் தீவுகளும் சூழ்ந்த அந்த ஏரி காட்சி காண வருவோரால் பெயர் பெற்றது. அவரே பின்னர் ஹோலி லாக் கரையிலுள்ள கில்மனில் நிலம் வாங்கி, இறங்குதுறையும் விடுதியும் வீடுகளும் கட்டினார். கப்பலும் விடுதியும் ஒரே கையில் என்னும் பெல்லின் ஏற்பாடு இங்கே பெரிய அளவில் மீண்டும் தோன்றுகிறது. கிளைடில் கட்டப்பட்டுத் தெற்கே விற்கப்பட்ட கப்பல்களும் இன்பப் பிரயாணிகளை நாடியே சென்றன. 1815ஆம் ஆண்டில் மார்ஜரி தேம்ஸ் நதியில் கிரேவ்ஸெண்டுக்கு ஓடியது. அதே ஆண்டில் ஆர்கைல் என்ற கப்பல் தேம்ஸ் என்று பெயர் மாற்றப்பட்டு, கடலாடுவோருக்காகவே புகழ்பெற்ற மார்கேட்டுக்கு ஓடியது. வர்த்தகப் பிழைப்பை ரயிலிடம் இழந்து வேறு வழியின்றி இவை அங்கே போகவில்லை. தோற்பதற்கு அப்போது ரயிலே இல்லை.

என் கூற்றின் எல்லையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். காலையில் போய் மாலையில் திரும்பும் ஒருநாள் உல்லாசப் பிரயாணத்தைப் பெல் தொடங்கினார் என்று நான் சொல்லவில்லை; நாளைக்கு ஒரு திசையே ஓடிய கப்பலில் அது இயலாது. சனிக்கிழமை நடுப்பகலில் வேலையை விட்டுப் புறப்படக் கூடியவர்களும், கப்பல் கட்டணத்தோடு விடுதியின் இரண்டு இரவுச் செலவையும் தாங்கக் கூடியவர்களும் அக்காலத்துக் கிளாஸ்கோவில் எத்தகையோர் என்பது வெளிப்படை. ஆலைத் தொழிலாளிக்கு அதில் இடமில்லை. அவனுக்கு இருந்த ஓய்வு ஞாயிறு ஒன்றே. பெல்லின் அட்டவணை ஞாயிறன்று கப்பலை நிறுத்தியே வைத்தது. 1853ஆம் ஆண்டில் எம்பரர் என்னும் கப்பல் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளாஸ்கோ மக்களை ஏற்றிக்கொண்டு கேர்லாக் கடற்கழிக்குச் சென்றபோது, நிலச்சொந்தக்காரரான சர் ஜேம்ஸ் கொல்குஹூன் கேர்லாக்ஹெட் இறங்குதுறையில் அவர்களை இறங்கவிடாமல் தடுக்க ஆட்களை நிறுத்தினார். பிரயாணிகள் தடையை மீறிக் கரையேறினார்கள். விவகாரம் நீதிமன்றத்துக்குச் சென்றது. கிளைடின் உல்லாசக் கப்பல் சரித்திரத்தில் ஒரு பெரும் பிளவைக் காட்டியே தீரவேண்டுமானால், அது ரயில் கிரீனக்குக்கு வந்த 1841இல் இல்லை, அந்த இறங்குதுறைக் கலகத்தில் இருக்கிறது. ஏனெனில் அங்கே மாறியது கப்பலின் காரியம் அன்று, அதில் ஏறியவர்கள் யார் என்பது.