மெழுகுக் காகிதத்தில் மதுரை

சமயநல்லூர் தாண்டி மதுரைக்குள் நுழைந்ததும், திருமலை நாயக்கர் மகாலை செல்போனில் 'க்ளிக்' செய்கிறீர்கள். 50 மெகாபிக்சல் என்று பெருமை வேறு! ஆனால், அத்தனை புள்ளிகளும் அடைந்துகிடக்கும் சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுதான். ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைப்பது கொஞ்சூண்டு வெளிச்சம். மிச்சத்தை சாஃப்ட்வேர் ஊகித்து நிரப்புகிறது.

1858-ல் இதே மகால் முன்பு கேமராவை நிறுத்தினார் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். அவருடைய நெகட்டிவ், மெழுகு ஏற்றிய காகிதம். சுமார் 15 அங்குலத்துக்கு 12 அங்குலம்! பிற்கால 35 எம்.எம். ஃபிலிமைவிடப் பரப்பில் 130 மடங்கு பெரிசு. பெரிதாக்கும் வேலையே கிடையாது. ரசாயனம் பூசிய தாள்மேல் அப்படியே வைத்து வெயில் காட்டினால், அதே அளவில் படம்!

குறையும் உண்டு. எக்ஸ்போஷருக்கு நிமிடக்கணக்கில் ஆகும். குறுக்கே நடந்து போகிறவர் படத்தில் விழவே மாட்டார். வானம் வெறிச்சென்று வரும் என்பதால், நெகட்டிவிலேயே மேகங்களை வரைந்து சேர்த்தார் ட்ரைப். அந்தக் கால 'போட்டோஷாப்'!

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டினார். சுமார் 19 அடி நீளம்! ஆனால், 1859-ல் கவர்னராக வந்த ட்ரெவெலியன், செலவைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்.

1866-ல் கவர்னரான நேப்பியர் பிரபு, பாழடைந்து கிடந்த மகாலைப் பழுதுபார்க்க வைத்தார். அதற்கு முன் அது எந்தக் கோலத்தில் இருந்தது? 'வீண்செலவு' என்று கைவிடப்பட்ட அந்தக் காகிதங்கள்தான் இன்றைக்கும் சாட்சி சொல்கின்றன. உங்கள் போனில் இருக்கும் படம் 160 வருடம் கழித்துத் திறக்குமா, சொல்லுங்கள்!