சிறுவாணித் தண்ணி வருதுங்களா?

மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். "நம்ம ஊரைப் பத்தி எழுதுடா. வெளிநாட்டுல இருந்து வர்றவன் படிச்சா ஒரு நிமிஷமாவது ஊர் ஞாபகம் வரணும்" என்றான். எனக்கும் சரித்திரத்துக்கும் ரொம்ப தூரம். படித்தது மெக்கானிக்கல், பிழைப்பது பம்ப் கம்பெனியில். ஆனாலும் நண்பன் சொல்லைத் தட்ட முடியவில்லை.

எங்கே தொடங்குவது என்று தெரியாமல், தெரிந்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டேன். "கோயமுத்தூர்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?" சிலர் கிளைமேட் என்றார்கள். சிலர் மரியாதைப் பேச்சு என்றார்கள். ஒருவர் சாம்பார் என்றார். எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் தண்ணீரில் வந்து நின்றது. யோசித்துப் பார்த்தால் அது சரிதான். இந்த ஊரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் ரூம் எத்தனை என்று கேட்பதற்கு முன்பே, "சிறுவாணித் தண்ணி வருதுங்களா?" என்றுதான் கேட்பார்கள். வருகிறது என்றால் வாடகையும் கொஞ்சம் ஏறும்.

ஹாஸ்டலில் முதல் நாள் நினைவிருக்கிறதா நண்பர்களே? ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த நம் நண்பன் மெஸ்ஸில் நான்கு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "இதுல சர்க்கரை போட்டிருக்காங்களா?" என்று கேட்டான். நாமெல்லாம் சிரித்தோம். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. ஏதோ என் அப்பா கொண்டுவந்து ஊற்றிய தண்ணீர் மாதிரி!

உலகத்திலேயே ரெண்டாவது சுவையான தண்ணீர் இது என்று ஊரில் சொல்வார்கள். முதலாவது எது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அப்படி ஒரு போட்டியை யார் நடத்தினார்கள் என்று இதுவரை யாரும் காட்டியதில்லை. அந்தப் பட்டம் போனால் போகட்டும். இந்தத் தண்ணீர் வந்த கதையே அதைவிடப் பெரிது.

மலைக்கு அந்தப் பக்கம் மழை

கோவை மழை மறைவுப் பிரதேசம். தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கத்துச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு, நமக்குக் காற்றை மட்டும் அனுப்பும். ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை கிடைத்தால் பெரிய விஷயம். வெள்ளியங்கிரி மலைப் பக்கம் பிறக்கும் நொய்யல் மழைக்காலத்து ஆறு. அதை நம்பித்தான் நம் முன்னோர் வரிசையாகக் குளங்களை வெட்டி வைத்தார்கள். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம், சிங்காநல்லூர்க் குளம் எல்லாம் அந்த ஏற்பாடுதான். வயலுக்கு அது போதும், குடிக்கப் போதாது. கிணற்றை எத்தனை ஆழம் தோண்டினாலும் பல இடங்களில் வந்தது உப்புத்தண்ணி. இந்த ஆழக் கிணறுகள்தான் பிற்பாடு இந்த ஊரைப் பம்ப் ஊராக ஆக்கின. என் சம்பளமும் அதிலிருந்துதான் வருகிறது.

1866-ல் கோவை நகராட்சி ஆனது. ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் தலைவர். 1888-ல் முதல் பஞ்சாலையும் வந்தது. ஆலை வந்தால் ஆள் வருவார்கள், ஆள் வந்தால் தண்ணீர் வேண்டும். அங்கேதான் பிரச்சினை ஆரம்பித்தது.

ஒரு பத்திரிகைக்காரரின் பிடிவாதம்

சேலம் பகடால நரசிம்மலு நாயுடு என்ற பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நான் கல்லூரி முடித்துப் பத்து வருஷம் கழித்துத்தான் கேட்டேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 1854-ல் பிறந்தவர். சேலத்திலிருந்து கோவைக்கு வந்து பத்திரிகையும் அச்சகமும் நடத்தினார். பிரம்ம சமாஜத்தில் ஈடுபாடு உள்ளவர். நாம் டவுன்ஹால் என்று பஸ் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கிறோமே, 1892-ல் எழுந்த அந்த விக்டோரியா மண்டபத்துக்குப் பின்னாலும் அவர் உழைப்பு உண்டு.

மலைக்கு அந்தப் பக்கம், முத்திகுளம் காட்டில், வற்றாமல் ஓடும் சிறுவாணியை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவர் 1889 வாக்கில் பேசத் தொடங்கினார். யானையும் அட்டையும் நிறைந்த அந்தக் காட்டுக்குள் ஆட்களோடு அவரே ஏறிப்போய் நீர் விழும் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். வந்தவர் சும்மா இருக்கவில்லை. பத்திரிகையில் எழுதினார், நகராட்சியில் பேசினார், மனுப் போட்டார். அவ்வளவு பெரிய செலவு இந்தச் சின்ன ஊருக்கு எதற்கு என்ற கேள்வி அவரை விடவில்லை. அவரும் விடவில்லை.

இதற்கிடையே ஊரைப் பிளேக் பிடித்தது. 1903-ஐ ஒட்டித் தொடங்கி, விட்டு விட்டுப் பல ஆண்டுகள் அடித்தது. வீட்டைப் பூட்டிவிட்டு ஜனங்கள் காட்டில் கொட்டகை போட்டுக்கொண்டு கிடந்தார்கள். இன்றும் கோவையில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில்கள் உண்டு. பிளேக் எலியால் வரும் நோய், தண்ணீரால் வருவதல்ல. ஆனாலும் நெருக்கியடித்த தெருக்களை விட்டு ஊர் விரியாவிட்டால் பிழைக்க முடியாது என்பது எல்லாருக்கும் புரிந்தது. புதுக் குடியிருப்பு என்றால் புதுத் தண்ணீர் வேண்டும். மேற்கே அப்படி விரிந்த பகுதிதான், நகராட்சித் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியார் பெயரில், நாம் சினிமாவுக்கும் ஷாப்பிங்குக்கும் சுற்றிய ஆர்.எஸ். புரம். சிறுவாணித் திட்டம் நிறைவேறியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

மலையைக் குடைந்து, குழாய் பதித்து, தண்ணீர் ஊருக்குள் வந்து சேர்ந்தது 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில். பேச்சு தொடங்கி ஏறக்குறைய 40 வருஷம். நரசிம்மலு நாயுடு 1922-லேயே காலமாகிவிட்டார். ஊருக்கே தண்ணீர் கேட்டவர் அந்தக் குழாயிலிருந்து ஒரு டம்ளர் கூடக் குடிக்கவில்லை. இதை முதன்முதலாகத் தெரிந்துகொண்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பம்ப் இல்லாத தண்ணீர்

ஒரு பம்ப் இன்ஜினியர் சொல்லக் கூடாத விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். சிறுவாணி நீர் மலையிலிருந்து இறங்கி வர பம்பே வேண்டாம். அணையின் முழு நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 878 மீட்டர். நம் ஊர் சுமார் 411 மீட்டர். சுரங்க வழியாக மலையைத் தாண்டி, அடிவாரத்தில் வடிகட்டப்பட்டு, தன் கனத்திலேயே ஊருக்கு ஓடி வருகிறது. பம்புக்குப் பேர்போன ஊர் குடிக்கிற தண்ணீர் பம்ப் இல்லாமலே வருகிறது, பாருங்கள்!

சுவைக்கும் காரணம் உண்டு. நீர்பிடிப்பு முழுக்க அடர்ந்த காடு. மேலே ஊரில்லை, ஆலையில்லை. மழைநீர் மண்ணில் நெடுநாள் தங்கி உப்பைக் கரைத்துக்கொள்ள நேரமில்லாமல் வந்துவிடுகிறது. எங்கள் கம்பெனியில் இருக்கும் கைமீட்டரைக் கொண்டுபோய் அம்மா வீட்டுக் குழாய்த் தண்ணீரை அளந்து பார்த்தேன். கரைந்த உப்பின் அளவு 100-ஐத் தொடவில்லை. என் பிளாட்டின் போர் தண்ணீர் 1,000-ஐத் தாண்டியது.

அந்தக் காலத்தில் மலபாரும் கோவையும் ஒரே சென்னை மாகாணம். 1956-ல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது அந்த மலை கேரளாவுக்குப் போயிற்று. ஊர் வளர்ந்து பழைய தடுப்பணை போதாமல் போனதும், 1973-ல் இரு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்தன. தமிழ்நாட்டுச் செலவில் கேரளா அணை கட்டித் தர வேண்டும், ஆண்டுக்கு 1.3 டி.எம்.சி. நீர், 99 வருஷத்துக்கு. அணை 1984-ல் முடிந்தது. 1.3 டி.எம்.சி.யை நாள் கணக்கில் வகுத்தால் சுமார் 10 கோடி லிட்டர் வரும். மாநகராட்சியான 1981-ல் இது தாராளம். 2011-ல் எல்லை விரிந்து மாநகராட்சிக்குள் 16 லட்சம் பேர் ஆனபோது ஆளுக்கு 63 லிட்டர்கூட இல்லை. அதுவும் மழை பெய்தால்தான். 2017-ல் அணை தரை தட்டியது. அடியில் கிடந்ததை மோட்டார் வைத்து இறைத்தார்கள். பம்பே வேண்டாத தண்ணீருக்கும் பம்ப் வந்த வருஷம் அது. எனக்கு அதில் சந்தோஷமில்லை.

அம்மாவும் ஐந்து லிட்டர் கேனும்

இனி சொந்தக் கதை. அப்பா செல்வபுரத்தில் நகைப் பட்டறை வைத்திருந்தார். இரண்டு ரூம் வீடு. நான் கல்யாணத்துக்குப் பிறகு சரவணம்பட்டியில் பிளாட் வாங்கினேன். லிஃப்ட் உண்டு, பார்க் உண்டு, சிறுவாணி இல்லை. அப்பா காலமான பிறகு அம்மாவை அழைத்து வந்தோம். கையில் ஐந்து லிட்டர் கேனோடு வந்தார்கள். கேன் தீர்ந்த மூன்றாம் நாள், "தண்ணி ஒத்துக்கல கண்ணு, என்னைக் கொண்டுபோய் விட்டுடு" என்றார்கள். ஒரு தடவை இல்லை, நான்கு தடவை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்த பையனை விட உனக்குத் தண்ணி பெருசாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. அன்று மாலையே கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் இருவரும் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தச் சரித்திரத்தையெல்லாம் தேடிப் படித்தேன். தேடும்போது ஒரு மேப் கையில் கிடைத்தது. சிறுவாணி ஆறு அட்டப்பாடி வழியாக ஓடிப் பவானியில் கலக்கிறது. அந்தப் பவானி தமிழ்நாட்டுக்குள் திரும்பி வந்து பில்லூர் அணையில் சேர்கிறது. கோவையின் வடக்குக்கும் கிழக்குக்கும் குழாயில் வருவது அந்தப் பில்லூர்த் தண்ணீர்தான். 1990-களில் முதல் திட்டம் வந்தது, 2024 ஆகஸ்டில் மூன்றாவது தொடங்கியது. பில்லூர்த் தண்ணி என்று நாம் உதட்டைப் பிதுக்குகிறோமே, அதிலும் சிறுவாணி இருக்கிறது! அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் மக்கள் குடித்து, வயலுக்குப் பாய்ந்து, மீந்து வருவது. நமக்கு மட்டும் சொந்தம் என்று எந்த ஆறும் இல்லை.

அடுத்த ஞாயிறு அம்மா வீட்டுக்குப் போய் மேப்பை விரித்துக் காட்டினேன். "சிறுவாணி அக்கான்னா பில்லூர் தங்கச்சிம்மா" என்றேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள். பிறகு சொன்னார்கள்: "அது கிடக்கட்டும் கண்ணு. தண்ணி விடற அன்னிக்கு நம்ம வீதியில எல்லாரும் வெளியில நிக்கறோம். யாருக்கு உடம்பு சரியில்ல, யார் வீட்டுல விசேஷம், எல்லாம் அங்கதான் தெரியும். உங்க வீட்டுல குழாயைத் திறந்தா தண்ணி வருது, மனுஷங்க வரலியே."

நான்கு தடவை ஒத்துக்கொள்ளாமல் போனது எது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அம்மா செல்வபுரத்திலேயே இருக்கிறார்கள். சனி, ஞாயிறு நாங்கள் அங்கே போகிறோம். திரும்பும்போது இரண்டு குடம் தண்ணீர் காரில் ஏறும். லீவில் அம்மா பத்து நாள் எங்களோடு இருந்து பில்லூர்த் தண்ணீரையும் குடிக்கிறார்கள். "தங்கச்சிதான். ஆனா அக்கா அளவுக்கு வராது" என்பது தீர்ப்பு.

நண்பர்களே, நம் ஊர்க்காரர்கள் உசத்தியாக நினைப்பது இயற்கை சும்மா கொடுத்த வரம் அல்ல. ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்து, அவர் போன பிறகு ஊருக்குக் கிடைத்தது. சங்கத்துக்கு என் சிறு யோசனை ஒன்று உண்டு. மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயமானது. நம் கல்லூரிக் கட்டடங்களின் கூரைத் தண்ணீர் இன்று எங்கே போகிறது, ஹாஸ்டலுக்குப் பின்னால் இருந்த பழைய கிணறு எந்த நிலையில் இருக்கிறது என்று நம் பேட்ச் ஒரு நாள் நடந்து பார்ப்போம். ஆகிற செலவைப் பகிர்ந்துகொள்வோம். பம்ப் தேவைப்பட்டால் என் பொறுப்பு.

விழா அன்று பந்தியில் உட்கார்ந்ததும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். அதைக் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் குடிக்காமல் போனவரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு அப்புறம்.