மைசூர் அரண்மனை ஓவியமும் மருந்து புகும் வழிகளும்

1805ஆம் ஆண்டளவில் தாமஸ் ஹிக்கி தீட்டியதாகக் கருதப்பெறும் எண்ணெய் வண்ண ஓவியமொன்றில் பெண்கள் மூவர் இடம்பெற்றுள்ளனர். நடன மாதர் என்று முன்னர் எண்ணப்பெற்ற இவர்களை மைசூர் அரச குலத்தவரென வரலாற்றறிஞர் நைஜல் சான்சலர் அடையாளம் கண்டார். 1799இல் சிறுவயதிலேயே அரியணையேறிய மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் தேவியர் இருவர் அதில் உள்ளனர் என்பது அவர்தம் முடிபு. இருவர் பெயரும் தேவஜம்மணியே. இளைய தேவி சேலையை விலக்கி, அம்மை குத்திய இடக்கையைச் சுட்டுகிறார். மூத்தவரின் மூக்கையும் வாயையும் சுற்றித் தோல் வெளிறியுள்ளது. அம்மைப் பொருக்கைப் பொடித்து மூக்கினுள் ஊதிய பழைய முறையின் தடயமாக அதனைச் சான்சலர் கொள்கிறார். இவ்விளக்கம் ஏற்கப்பெறின், மூக்கு, தோல் என்னும் இரு வழிகளும் ஒரே ஓவியத்துள் அடங்குகின்றன.

சித்த மருத்துவம் அகமருந்து 32, புறமருந்து 32 எனப் பகுக்கும். புறமருந்துகளுள் நசியம் மூக்கில் நீர்மம் விடுவது. நாசிகாபரணம் பொடியைச் செலுத்துவது. மூத்த தேவிக்குச் செய்யப்பெற்றதாகக் கூறப்படுவது வழியளவில் பின்னதை ஒத்தது. கீறலும் அப்பட்டியலில் உண்டு. அதுகொண்டு அம்மை குத்துதலை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என முடிவுகட்டுவது பொருந்தாது. சித்தர் கூறும் கீறல் சீழையும் கெட்ட குருதியையும் வெளியேற்றுவதற்கு. அம்மை குத்துவோர் கீறியது உள்ளே செலுத்துவதற்கு. சொல் ஒன்றாயினும் திசை வேறு. கையைக் கீறிப் பெரியம்மைச் சீழை இடும் வழக்கம் வங்கத்தில் இருந்ததை 1767இல் ஹால்வெல் விரிவாக எழுதினார் என்பதும் மறக்கத்தக்கதன்று.

மூக்கின் உட்சவ்வு மெல்லியது. குருதி நாளங்கள் செறிந்தது. ஆதலின் அங்கிடும் மருந்து விரைந்து குருதியிற் கலக்கும். தோலின் மேற்படலமோ பெரும்பாலான பொருள்களைத் தடுக்கும்; கீறினாலன்றி அம்மைப்பால் உட்புகாது. ஆனால் அம்மைப்பாலை ஏனைய மருந்துகளைப்போல் உடல் உறிஞ்சிக்கொள்வதில்லை. அதிலுள்ள கிருமி கீறிய இடத்திலேயே பெருகிக் கொப்புளமாகிறது. அதனை எதிர்க்கப் பழகும் உடல் பின்னர்ப் பெரியம்மையையும் எதிர்க்கிறது.

வழியினும் பொருளே பெரிய வேறுபாடு. ஊதிய பொடியிலிருந்தது பெரியம்மைக் கிருமியேயாதலால் அது சிலரைக் கொன்றது, பிறர்க்கும் தொற்றியது. 1796இல் ஜென்னர் சோதித்த பசுவம்மைப்பாலால் பெரியம்மை பரவ வழியில்லை. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி அன்னா டஸ்தாலுக்கு அது பயன் தந்தது. அவள் கொப்புளத்து நீர் பிறர் கைக்கும், அவர்கள் கையிலிருந்து மற்றவர் கைக்குமாக மாற்றப்பெற்றே தென்னகம் வந்தது. முன்பின் அறியாதார் உடலிலிருந்து எடுத்ததை அரச குலத்துப் பெண்ணொருவர் தம் கையில் ஏற்பது அக்காலத்தில் எளிதன்று. ஓவியர் அக்கையைத் திறந்து காட்டியதன் நோக்கம் இங்குதான் விளங்குகிறது.