இரவல் பாவையும் சொந்த மொழியும்

கயிற்றால் ஆடும் மரப்பாவையை வள்ளுவர் 1020ஆம் குறளில் உவமையாக்கினார். நம் ஜார்ஜ்டவுன் சீனக் கோயில் விழாக்களில் கையுறைப் பாவைக்கூத்தான போத்தேஹி இன்றும் நிகழ்கிறது. கணினி விளையாட்டின் பாத்திரங்களையே நடிகராக்கிப் படமெடுக்கும் ‘மெஷினிமா’வும் ஒருவகைப் பாவைக்கூத்தே, தமிழில் ‘பொறிப்பாவைப் படம்’ எனலாம்.

1996இல் ‘குவேக்’ விளையாட்டை ஆடிய ‘ரேஞ்சர்ஸ்’ குழுவினர் உருவாக்கிய ‘டைரி ஆஃப் எ கேம்பர்’ இதன் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. இரண்டு நிமிடத்திற்கும் குறைவான அப்படத்தில் பேச்சு எழுத்தாகவே தோன்றியது.

2005இல் பாரிஸ் புறநகர்க் கலவரங்களைப் பற்றி, திரைப்படப் பயிற்சி பெறாத அலெக்ஸ் சான் ‘தி மூவீஸ்’ என்னும் விளையாட்டைக் கொண்டு ‘தி ஃபிரெஞ்ச் டெமாக்ரசி’ என்னும் படத்தை எடுத்தார். நடிகரோ படப்பிடிப்புக் கருவியோ தேவைப்படவில்லை. ஆயினும், பாரிஸ் சுரங்க ரயிலுக்கு அவ்விளையாட்டிலிருந்த நியூயார்க் அரங்கே நின்றது. உரையாடலும் ஆங்கில எழுத்திலேயே அமைந்தது.

நாம் கற்க வேண்டியது இதுவே: பாவை இரவலாகலாம், அரங்கும் மொழியும் இரவலாயின், நம் கதை நமக்கே அயலாகிவிடும். கடைத்தெரு எனப் பினாங்குத் தமிழர் வழங்கும் மார்க்கெட் தெருவையும் அதன் ஐந்தடிப் பாதைகளையும் நம் இளைஞர் கணினியில் எழுப்புதல் வேண்டும். அங்கே பாவைகள் தமிழ் பேசுதல் வேண்டும்.