மீட்டருக்கு இப்பால்: டெக்சாஸ் கொலோனியாக்களில் வீட்டு இணைப்பும் அரசுப் பணமும்

டெக்சாஸ் மாநிலத்தின் தென் எல்லையில், ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய குடியிருப்புகள் பலவற்றில் 1980களில் வீட்டுக்கு வெளியே ஒரு டிரம் நிற்கும். 55 கேலன், ஏறக்குறைய 208 லிட்டர் கொள்ளும். பல டிரம்களில் அதற்குமுன் இருந்தது ரசாயனம். அலசிவிட்டு, அதிலேயே தண்ணீர் பிடித்து வருவார்கள். கழிவுக்குப் பின்புறத்தில் ஒரு குழி. மழை பெய்தால் குழி நிரம்பி முற்றத்துக்கு வரும். ஹெபடைடிஸ் ஏ போன்ற நோய்கள் அங்கே பரவியதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

இந்தக் குடியிருப்புகளுக்குக் கொலோனியா என்று பெயர். ஸ்பானிய மொழியில் அது குடியிருப்புப் பகுதியைக் குறிக்கும் சாதாரணச் சொல். நம் வாசகருக்கு ‘அன்அப்ரூவ்டு லேஅவுட்’ என்றால் உடனே புரிந்துவிடும். 1950கள் முதல், விவசாயத்துக்கு உதவாத, வெள்ளம் தேங்கும் நிலங்களைத் துண்டு போட்டு, குறைந்த கூலி வாங்கும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களுக்குத் தவணையில் விற்றார்கள். சாலை இல்லை, குழாய் இல்லை, வடிகால் இல்லை. இப்படி விற்பதைத் தடுக்கும் அதிகாரம் கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகங்களிடம் பெரிதாக இருக்கவில்லை. கடைசித் தவணை கட்டும்வரை கிரயம் ஆகாது. இடையில் தவணை தவறினால் மனையோடு அதில் எழுப்பிய வீடும் விற்றவருக்கே போகும். கொலோனியா என்றாலே அனுமதியின்றி எல்லை தாண்டியவர்களின் குடிசை என்ற எண்ணம் இன்றும் உண்டு. உண்மையில் அங்கே இருப்பவர்களில் பெரும்பான்மையினர் அமெரிக்கக் குடிமக்கள்.

பத்திரம் கையில் இல்லாதவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. அதனால் வீடு சம்பளத்துக்குச் சம்பளம் வளர்ந்தது. முதலில் ஒரு டிரெய்லர், அடுத்த ஆண்டு ஓர் அறை, பிறகு ஒரு சமையல் மேடை. குளியலறை வரிசையில் கடைசி. தண்ணீரே வராத வீட்டில் அதற்கு என்ன அவசரம்? இந்த வரிசைமுறைதான் பின்னால் திட்டங்களின் காலை வாரிவிட்டது.

எல் பாசோ நகரில் எப்பிசோ, ரியோ கிராண்டேயின் கீழ்ப் பள்ளத்தாக்கில் வேலி இன்டர்ஃபெய்த் என்று, தேவாலயங்களை அடித்தளமாகக் கொண்ட இரண்டு மக்கள் அமைப்புகள் 1980களில் இதைச் சட்டமன்றம் வரை கொண்டுபோயின. 1989இல் செனட் மசோதா 2 நிறைவேறியது. பொருளாதார நலிவுற்ற பகுதிகள் திட்டம் பிறந்தது. மாநில நீர்வள வளர்ச்சி வாரியம் அதை நடத்தியது. அதே ஆண்டு நவம்பரில் 10 கோடி டாலர் கடன்பத்திரங்களுக்கு வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். 1991இல் மேலும் 15 கோடி. நிதி கேட்கும் கவுண்டி மாதிரி மனைப்பிரிவு விதிகளை ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. நடுவண் அரசு 1990இல் வீட்டுவசதிச் சட்டத்தின் 916ஆம் பிரிவில் கொலோனியாவுக்கு இலக்கணம் வகுத்து, எல்லை மாநிலங்கள் தங்கள் சமுதாய வளர்ச்சி மானியத்தில் ஒரு பங்கை ஒதுக்கச் செய்தது. அந்த இலக்கணத்தில் ஒரு தேதியும் உண்டு: 1990 நவம்பர் 28க்கு முன்பே இருந்த குடியிருப்பாக இருக்க வேண்டும்.

இந்த வரலாற்றை எழுதுபவர்கள் ஒதுக்கீட்டுத் தொகைகளை அடுக்குவது வழக்கம். பணம் எந்த இடத்தில் நின்றது என்று பார்ப்பதே எனக்குப் பயனுள்ளதாகப் படுகிறது. அது மனை எல்லையில் நின்றது. சுத்திகரிப்பு நிலையம், பிரதானக் குழாய், தெருக்குழாய் எல்லாம் பொதுச் சொத்து, பொதுச் செலவு. மீட்டரைத் தாண்டினால் வீட்டுக்காரர் பாடு. டெக்சாஸ் அரசமைப்பின் 3ஆம் உறுப்பு பொதுப்பணத்தைத் தனிநபருக்குக் கொடையாக அளிப்பதைத் தடுக்கிறது. நிர்வாகத்தின் தயக்கத்தில் அந்த மனப்போக்கும் கலந்திருந்தது என்றே வாசிக்கிறேன்.

மீட்டருக்கு இப்பால் என்னென்ன செலவு? இணைப்புக் கட்டணம் கட்ட வேண்டும். மீட்டரிலிருந்து வீடுவரை மண்ணைத் தோண்டிக் குழாய் பதிக்க வேண்டும். கழிவுக்குத் தனிக் குழாய், அதற்குச் சரியான வாட்டம். பழைய குழியை உறிஞ்சிக் காலி செய்து மூட வேண்டும். இவ்வளவும் ஆனபின், குழாய் போய்ச் சேர ஒரு குளியலறை வேண்டும். உள்குழாய் வேலை கட்டட விதிக்குப் பொருந்தாவிட்டால் இணைப்பு கிடைக்காது; தவணை தவணையாகக் கட்டிய வீடு எங்கே பொருந்தும்? தெருவில் சாக்கடைக் குழாய் வந்த பிறகும் பல வீடுகள் குழியையே நம்பியிருந்தன. செப்டிக் டேங்கும் மாற்று வழியாகவில்லை: பொதுக் குடிநீர் உள்ள இடத்திலேயே அதற்கு அரை ஏக்கர் மனை வேண்டும் என்கிறது மாநில விதி, விற்கப்பட்ட மனைகளில் பல அதைவிடச் சிறியவை.

இந்த இடைவெளியை அரசு ஒப்புக்கொண்டது 1990களில்தான். சமுதாய வளர்ச்சி மானியத்திலிருந்து தனி நிதி ஒன்று பிரிக்கப்பட்டது. நலிவுற்ற பகுதிகள் திட்டத்தில் தெருவரை வந்த குழாயை வீட்டுக்குள் கொண்டுபோவதே அதன் வேலை. முற்றத்துக் குழாய், இணைப்புக் கட்டணம், உள்குழாய்ச் சீரமைப்பு வரை அதில் செய்யலாம். நடுவண் வேளாண் துறையின் 306சி மானியம் இன்னும் ஒரு படி போய், தனிக் குடும்பம் குளியலறை கட்டவும் பணம் தந்தது. குளியலறை பொதுப்பணி ஆனது அங்கேதான்.

ஆனால் 1995இல் வந்த மாநிலச் சட்டம் வேறு ஒரு கதவை மூடியது. மோசடி மனை வியாபாரத்தை நிறுத்த, முறைப்படி வரைபடம் பதிவாகாத மனைகளுக்குத் தண்ணீர், மின்சார இணைப்பு தரக் கூடாது என்றது. விற்றவர் பணத்தோடு போய்விட்டார். வாங்கியவர் இருட்டில் உட்கார்ந்தார். முன்பே குடியிருந்தவர்களுக்கு விலக்கு தர வேண்டியதாயிற்று.

நலிவுற்ற பகுதிகள் திட்டத்துக்குப் பிறகு 2007இல் 25 கோடி டாலர், 2019இல் 20 கோடி வரை கடன்பத்திரங்களுக்கு வாக்காளர்கள் மீண்டும் ஒப்புதல் தந்தார்கள். எல்லைக் கவுண்டிகளின் கொலோனியாக்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என வகைப்படுத்தப்பட்டன. சிவப்பு என்றால் அடிப்படை வசதி இல்லாதது. ஆனால் பதிவாகாத மனையில் இருப்பவர் அந்த விலக்கின்கீழ் இணைப்புக் கேட்கப் போனால், கவுண்டி தரும் சான்றிதழை முதலில் காட்ட வேண்டும். அதைப் பெற, சட்டம் குறிப்பிட்ட நாளுக்கு முன்பே அங்கே வீடு இருந்தது என்பதற்கு அவர் ஆதாரம் தேடியாக வேண்டும்.